பிறை 29 மாலை: தலைப்பிறை பார்க்கவும் பெருநாளைத் திட்டமிடவும் ஒரு வழிகாட்டி

ரமலான் 29 அன்று இரவு எட்டு மணிக்கு வீட்டில் ஒருவர் ஸஹருக்கு (நோன்புக்காக விடியுமுன் உண்ணும் உணவுக்கு) அரிசி ஊறவைப்பதா, பெருநாள் பிரியாணிக்கு வெங்காயம் உரிப்பதா என்று கேட்பார். பதில் தெரியாது, அன்று மாலை பிறை தெரிந்தால்தான் மறுநாள் பெருநாள். மாமா ஒரு தேதி சொல்வார், வாட்ஸ்அப் வேறொன்று சொல்லும், தினசரி காலண்டரில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். புதிதாக ஊருக்குக் குடிவந்தவர்கள், ஜமாஅத் பிறைக் குழுவில் முதல்முறை சேர்க்கப்பட்டவர்கள், வளைகுடாவிலிருந்து லீவில் வருபவர்கள் எல்லோருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. அதில் பாதியை முன்கூட்டியே தீர்த்துவிடலாம். மீதிப் பாதிக்குத்தான் வானத்தைப் பார்க்க வேண்டும்.

பிறை ‘தெரியவே தெரியாது’ என்று வானியல் கணக்கு சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ‘தெரியும்’ என்று சொன்னால் அந்த அளவுக்கு நம்ப முடியாது, ஏனென்றால் மேகத்தையும் தூசியையும் கணக்கு அறியாது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கின்றன.

1. உங்கள் ஜமாஅத் எந்த வழி என்று முதலில் கேளுங்கள்

இதை ரமலானுக்கு முந்தின ஷஅபான் மாதத்திலேயே கேட்டு வையுங்கள். பெருநாள் இரவில் கேட்டால் விவாதம்தான் நடக்கும். தமிழ்நாட்டில் ஒரே தெருவில் மூன்று வழிக்காரர்கள் இருக்கலாம்.

முதல் வகை, தம் பகுதியில் கண்ணால் கண்ட பிறை. பெரும்பாலான பள்ளிவாசல்கள் இந்த வழியில் தமிழக அரசின் தலைமை காஜி அறிவிப்பைப் பின்பற்றுகின்றன. இரண்டாவது, உலகில் எங்கு கண்டாலும் எல்லோருக்கும் பொருந்தும் என்பது. நடைமுறையில் இது பெரும்பாலும் சவூதி அறிவிப்பாக முடிகிறது. மூன்றாவது, முழுக்கக் கணக்கு. இவர்கள் ஆண்டு முழுமைக்கும் நாட்காட்டி அச்சிட்டு வைத்திருப்பார்கள், வானத்துக்காகக் காத்திருப்பதில்லை.

இலங்கையில் அதிகாரபூர்வ அறிவிப்பு ஒன்றுதான். மஃரிபுக்குப் (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகைக்குப்) பின் கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறைக் குழு கூடும். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் அதில் இருப்பார்கள். பிறை கண்டவர் அங்கே தகவல் தர வேண்டும்.

மலேசியாவும் சிங்கப்பூரும் அண்டை நாடுகளோடு சேர்ந்து ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றன: சூரியன் மறையும்போது பிறை அடிவானத்திலிருந்து 3 பாகை உயரத்திலும், சூரியனிலிருந்து 6.4 பாகை விலகியும் இருக்க வேண்டும். அளவுகோல் ஒன்று என்பதால் நாளும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். 2022-இல் மலேசியாவில் நோன்புப் பெருநாள் மே 2, சிங்கப்பூரில் மே 3. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் பெருநாள், இந்தப் பக்கம் நோன்பு.

எது சரி என்று இந்தக் கட்டுரை தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் நோன்பை ஒரு வழியில் தொடங்கி, பெருநாளுக்கு இன்னொரு வழிக்குத் தாவுவதுதான் மிகப் பெரிய தவறு. எண்ணிக்கை 28-இலோ 31-இலோ போய் நிற்கும்.

2. ‘29’ எது என்று எண்ணிக்கொள்ளுங்கள்

சந்திர மாதத்தின் சராசரி நீளம் 29 நாள், 12 மணி, 44 நிமிடம். அதனால் மாதம் 29 அல்லது 30 நாளில் முடியும், வேறு வழியில்லை. 29 மாலை பிறை தெரிந்தால் மறுநாள் புது மாதம். தெரியாவிட்டால் 30 ஆக நிறைவு செய்துவிட வேண்டியதுதான். 30 மாலை வானத்தைப் பார்க்கத் தேவையே இல்லை.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. தினசரி காலண்டர் தாளில் அச்சிட்டிருக்கும் ஹிஜ்ரி தேதி ஓராண்டுக்கு முன்பே கணித்துப் போட்டது. உங்கள் ஜமாஅத்தின் எண்ணிக்கை அதிலிருந்து ஒரு நாள் தள்ளியிருக்கலாம், எனவே பள்ளிவாசல் கரும்பலகையில் இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஷஅபானின் தொடக்கம் தவறினால் ரமலானும் தவறும். ரமலான் பிறையை மட்டும் பார்க்க ஓடுகிறவர்கள் ஷஅபானுக்கு முந்தின ரஜப் மாதத்தின் 29-ஐ மறந்துவிடுகிறார்கள். ஷஅபான் பிறை ஒழுங்காகப் பார்க்கப்படாததால்தான் ‘இன்று 29-ஆ, 28-ஆ’ என்ற சண்டையே வருகிறது.

நாள் மஃரிபில் தொடங்குகிறது என்பதையும் புதியவர்கள் மனத்தில் வையுங்கள். பிறை தெரிந்த அந்த இரவே ரமலானின் முதல் இரவு. தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை) அன்றே உண்டு.

3. அமாவாசை முடியும் நேரத்தைப் பாருங்கள்

பத்து நிமிட வேலை, செலவு இல்லை. திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் ‘அமாவாசை இத்தனை மணி வரை’ என்று போட்டிருக்கும். அந்த நேரம்தான் சூரியனும் சந்திரனும் ஒரே தீர்க்கரேகையில் சேரும் கணம். பிறையின் வயது அங்கிருந்து தொடங்குகிறது. வாக்கியப் பஞ்சாங்கத்தை இதற்கு எடுக்காதீர்கள், சில மணி நேரம் முன்பின்னாக இருக்கும். ‘அமாவாசை’ என்று சிவப்பில் போட்ட நாளும் வேண்டாம், முடியும் நேரம்தான் வேண்டும்.

அடுத்து, உங்கள் ஊருக்கு அன்றைய சூரிய மறைவு நேரமும் சந்திர மறைவு நேரமும் எடுங்கள். ஸ்டெல்லேரியம் போன்ற இலவசச் செயலியில் ஊரையும் தேதியையும் போட்டால் கிடைக்கும். இப்போது இப்படிப் பாருங்கள்:

- சூரியன் மறைந்த பிறகுதான் அமாவாசை முடிகிறது என்றால், அன்று பிறை இல்லை. முடிந்தது.
- சூரியனுக்கு முன்பே சந்திரன் மறைகிறது என்றாலும் இல்லை.
- சூரியனிலிருந்து விலகல் 7 பாகைக்குள் என்றால் கண்ணுக்கு எட்டாது. அவ்வளவு நெருக்கத்தில் ஒளிக்கீற்று கண்ணில் படும் அளவுக்கு உருவாவதில்லை.
- வயது 15 மணிக்குக் கீழ், அல்லது இரண்டு மறைவுகளுக்கும் இடைவெளி அரை மணிக்குக் கீழ் என்றால் வெறுங்கண்ணால் பார்த்ததாகச் சொல்வதை நம்ப வேண்டாம்.
- வயது 20 மணியைத் தாண்டி, இடைவெளியும் முக்கால் மணிக்கு மேல் என்றால் வானம் தெளிவாக இருக்கும் ஊரில் நல்ல வாய்ப்பு.

வயதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சந்திரன் பூமிக்கு அருகில் இருக்கும்போது வேகமாகவும், தொலைவில் இருக்கும்போது மெதுவாகவும் நகர்கிறது. 20 மணி வயதுப் பிறை ஒரு மாதம் பளிச்சென்று இருக்கும், இன்னொரு மாதம் தேட வேண்டியிருக்கும். வயதைவிட இடைவெளியும் விலகலும் நம்பகமானவை.

ஓர் உண்மை உதாரணம். 2025 மார்ச் 29, சனிக்கிழமை. அமாவாசை முடிந்தது இந்திய நேரம் மாலை 4.28 வாக்கில். சென்னையில் சூரியன் மறைந்தது ஏறக்குறைய 6.20-க்கு. பிறையின் வயது இரண்டு மணி நேரம்கூட இல்லை. அன்று தமிழ்நாட்டில் எவர் பார்த்தேன் என்று சொன்னாலும் அது பிறையாக இருந்திருக்க முடியாது. மறுநாள் 30-ஆம் தேதி மாலை வயது 25 மணியைத் தாண்டிவிட்டது, சந்திரன் சூரியனுக்குப் பின் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வானில் நின்றது. நோன்பு இங்கே மார்ச் 2-இல் தொடங்கியதால் 30-தான் பிறை 29 (ரமலான் 29-ஆம் நாள்). பெருநாள் 31, திங்கள். சவூதியிலோ மார்ச் 30 அன்றே பெருநாள் அறிவித்தார்கள். அங்கே 29 மாலை பிறையின் வயது ஐந்து மணி நேரம்கூட நிறையவில்லை.

மேற்கே போகப் போக வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான். மக்காவில் சென்னையைவிட இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகச் சூரியன் மறைகிறது, அதற்குள் சந்திரன் ஒன்றரைப் பாகைக்குச் சற்றுக் குறைவாக விலகியிருக்கும். ஆகவே சவூதி ஒரு நாள் முந்துவது எப்போதும் அதிசயமல்ல. ஆனால் அந்த ஒன்றரைப் பாகை, ஐந்து மணி வயதுப் பிறையைக் காப்பாற்றாது.

4. மேற்கு அடிவானம் தெரியும் இடம் பிடியுங்கள்

பிறை பார்க்க மெரினாவுக்குப் போகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. கடல் கிழக்கே இருக்கிறது. பிறை மறைவது முதுகுப் பக்கம், கட்டடங்களுக்குப் பின்னால். சென்னையில் கடற்கரையைவிட உயரமான மொட்டை மாடி எவ்வளவோ மேல்.

அடிவானத்தை அளக்கக் கையை நீட்டிப் பிடித்தால் போதும். மூடிய முட்டி ஏறக்குறைய 10 பாகை, சுண்டுவிரலின் அகலம் 1 பாகை. 200 மீட்டர் தொலைவில் 20 மீட்டர் உயர அடுக்குமாடி இருந்தால் ஏறக்குறைய 6 பாகை போய்விட்டது. நம் பக்கத்தில் பிறை நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை இறங்கும். ஆறு பாகை என்றால் 24 நிமிடம் நஷ்டம்.

தென்காசி, தேனி, கோவைக்காரர்களுக்கு மலைதான் எதிரி. பத்துக் கிலோமீட்டரில் 1,500 மீட்டர் மலை நின்றால் எட்டரைப் பாகை மறைந்துவிடும். அந்த ஊர்களில் பிறை தெரியவில்லை என்பது பிறை இல்லை என்பதற்குச் சாட்சியாகாது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளக் கடற்கரையில் மேற்கே கடல் திறந்து கிடக்கிறது, கோழிக்கோட்டு காப்பாட்டிலிருந்து செய்தி முந்தி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். கன்னியாகுமரியில் மேற்குக் கடல் பக்கம் நின்றால் நமக்கும் அந்த வசதி உண்டு.

ஒரு நாள் முன்பே அதே இடத்தில் போய் நின்று சூரியன் எந்தப் பனைமரத்துக்கு, எந்தக் கோபுரத்துக்கு நேரே மறைகிறது என்று பார்த்து வையுங்கள். மறுநாள் அந்த அடையாளத்திலிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும்.

5. சரியான பத்து நிமிடத்தில் பாருங்கள்

சூரியன் மறைந்த கையோடு வானம் வெளிச்சமாக இருக்கும், பிறை தெரியாது. ரொம்பப் பொறுத்தால் பிறை தூசிக்குள் இறங்கிவிடும். நடுவில் உள்ள நல்ல நேரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: இரண்டு மறைவுகளுக்கும் இடைப்பட்ட நிமிடங்களை 9 ஆல் வகுத்து 4 ஆல் பெருக்கி, சூரிய மறைவோடு கூட்டுங்கள். சூரியன் 6.20, சந்திரன் 7.05 என்றால் இடைவெளி 45 நிமிடம். நல்ல நேரம் 6.40. அதற்கு ஐந்து நிமிடம் முன்னும் பின்னும் கண்ணை எடுக்காதீர்கள். இஃப்தாரை மாடியிலேயே முடித்துக்கொள்ளும்படி பேரீச்சம்பழமும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். நல்ல நேரம் பெரும்பாலும் ஜமாஅத் தொழுகையோடு மோதும், யார் எப்போது பார்ப்பது என்று முன்பே முறை வைத்துக்கொள்ளுங்கள்.

பார்ப்பது எப்படி? சூரியன் மறைந்த புள்ளிக்கு மேலே, சற்று இடமும் வலமுமாக ஒரு முட்டி அகலத்துக்குள் தேடுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதைச் செயலி சொல்லும். முதலில் தொலைவில் உள்ள ஒரு மரத்தையோ கோபுரத்தையோ பார்த்துக் கண்ணை நிலைப்படுத்துங்கள். வெறும் வானத்தைப் பார்த்தால் கண் அருகில் குவிந்துவிடும், பிறை எதிரே இருந்தாலும் மங்கும்.

தலைப்பிறை படத்தில் வருவது போல் இருக்காது. வெட்டி விழுந்த நகத்துண்டு போல, ஆரஞ்சுக்கு மேலே வெளிறிய நீலத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். இமைத்தால் காணாமல் போகும், மறுபடி கண்டுபிடிக்க அரை நிமிடம் ஆகும். நம் அகலாங்கில் அது பெரும்பாலும் கிண்ணம் போல மல்லாந்து, முனைகள் மேல்நோக்கி இருக்கும். முனைகள் கீழே பார்த்தன என்று ஒருவர் சொன்னால் அவர் பார்த்தது வேறெதையோ.

இருகண்ணோக்கி வைத்துக்கொள்ள விரும்பினால் 7×50 அல்லது 10×50 போதும், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். பெரிய தொலைநோக்கி தேவையில்லை. சூரியன் முழுக்க மறையும்வரை அதைக் கண்ணில் வைக்கவே கூடாது, பார்வை போய்விடும். கருவியில் தெரிந்த பிறையை உங்கள் ஜமாஅத் ஏற்குமா என்பதையும் முன்பே கேளுங்கள். சில இடங்களில் கருவி கொண்டு இடத்தைக் கண்டுபிடிக்கலாம், சாட்சி சொல்ல வெறுங்கண்ணால் கண்டிருக்க வேண்டும் என்பார்கள்.

6. கண்டால்: பத்து விவரமும் ஒரு தொலைபேசியும்

கண்டவுடன் படம் எடுத்துக் குழுவில் போடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, இடத்தைச் சொல்லாமல் ‘உங்களுக்குத் தெரியுதா, எங்கே?’ என்று கேளுங்கள். அவர் தானாகவே அதே இடத்தைக் காட்டினால்தான் அது சாட்சி. விரலை நீட்டிக் காட்டிவிட்டால் ஆசையே பிறையாகிவிடும்.

பிறகு ஒரு தாளில் எழுதுங்கள்: பெயர், தகப்பனார் பெயர், முகவரி, கைப்பேசி எண், நின்ற இடம், கண்ட நேரம், எத்தனை நிமிடம் தெரிந்தது, சூரியன் மறைந்த இடத்துக்கு எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், முனைகளின் சாய்வு. கூட இருந்தவர்களின் பெயர்களும் வேண்டும். ஆதார் அட்டையின் நகல் கையில் இருந்தால் நல்லது, ஊர் தெரியாத காஜி அடையாளம் கேட்கலாம்.

முதல் அழைப்பு உங்கள் பள்ளிவாசல் இமாமுக்கு. “அஸ்ஸலாமு அலைக்கும் ஹஜ்ரத், கிழக்குத் தெரு மாடியிலிருந்து நானும் இன்னும் ரெண்டு பேரும் பார்த்தோம். ஆறு நாப்பதுக்கு, ஏழு நிமிஷம் தெரிஞ்சுது. மூணு பேரும் இப்ப பள்ளிக்கு வர்றோம்.” இவ்வளவு போதும். மேலே காஜிக்கு அவர் பேசுவார். நேராகப் போய்ச் சாட்சி சொல்லத் தயாராக இருங்கள், தொலைபேசிச் சாட்சியைப் பல இடங்களில் ஏற்பதில்லை. மஃரிபு முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் தகவல் போய்ச் சேர வேண்டும். இஷா எனும் இரவுத் தொழுகைக்குப் பின் வரும் சாட்சி எல்லாத் திட்டத்தையும் குலைக்கும்.

எத்தனை சாட்சி? காயல்பட்டினம், கீழக்கரை போன்ற, ஷாஃபிஈ மத்ஹபை (சட்ட வழியை) பின்பற்றும் ஊர்களில் ரமலானுக்கு நம்பகமான ஒருவர் போதும், ஷவ்வாலுக்கு (பெருநாள் பிறைக்கு) இருவர். ஹனஃபி மத்ஹப் ஜமாஅத்துகளில் மேகமூட்டம் என்றால் ரமலானுக்கு ஒருவர், ஷவ்வாலுக்கு இருவர். வானம் தெளிவாக இருந்தாலோ பெருங்கூட்டம் கண்டிருக்க வேண்டும். அது நியாயம்தான். தெளிவான வானத்தில் ஊரே மாடியில் நிற்கும்போது ஒருவருக்கு மட்டும் தெரிந்த பிறையைச் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

நீங்கள் குழுவில் இருந்து சாட்சியை விசாரிப்பவர் என்றால், மூன்றாம் படியின் கணக்கு அப்போதுதான் கைகொடுக்கும். விமானப் புகைக்கோடு சூரிய ஒளியில் தங்கக் கீற்றாக வளையும். மேகத்தின் விளிம்பு மின்னும். கண்ணிமை முடி குறுக்கே விழும். வெள்ளிக் கிரகத்தைப் பார்த்துவிட்டு ‘சின்னதா, பளிச்சுனு’ என்பார்கள். சாட்சி பொய் சொல்கிறார் என்று பொருளில்லை, அவர் உண்மையிலேயே ஏதோ பார்த்தார். நேரம், திசை, சாய்வு மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுச் செயலியோடு ஒப்பிட்டால் மரியாதை குறையாமல் பிரித்துவிடலாம்.

மறுநாள் பிறை தடியாக இருப்பதைப் பார்த்து ‘இது இரண்டாம் பிறை, ஒரு நோன்பை விட்டுட்டோம்’ என்று கிளப்புவார்கள். 30 நிறைந்த மாதத்துக்குப் பின் வரும் முதல் பிறை அப்படித்தான் இருக்கும். பருமனை வைத்துத் தேதியைத் திருத்துவதில்லை.

7. லீவு, டிக்கெட், ஃபித்ரா

அலுவலகத்துக்கு ஒரு தேதி எழுதிக் கொடுக்காதீர்கள். ‘நோன்புப் பெருநாள் விடுப்பு, இன்ன தேதி அல்லது மறுநாள், பிறை தெரிவதைப் பொறுத்து’ என்று இரண்டையும் எழுதுங்கள். அரசு விடுமுறைப் பட்டியலில் இருக்கும் நாளும் மாறக்கூடியது. மாநில அரசு மாற்றி ஆணையிட்டால் அது பெரும்பாலும் கடைசி நாட்களில்தான் வரும், வங்கி வேலையை முன்பே முடித்துவிடுங்கள்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. அப்போது பெருநாள் இந்த இரண்டு நாளில் ஒன்று என்பது வரை தெரியும். முந்தைய நாளுக்கும் ஒரு நாள் முன்னால் ஊர் சேரும்படி எடுங்கள். திரும்புவது பிந்தைய நாளின் இரவு. ‘பிறை தெரிஞ்சதும் தட்கல் போட்டுக்கலாம்’ என்பவர்கள் ஏமாறுவார்கள். தட்கல் வண்டி புறப்படும் நாளுக்கு முந்தின நாள் காலை 10, 11 மணிக்குத் திறக்கும். பிறைச் செய்தி வருவதோ அன்று மாலை ஏழு மணிக்கு மேல்.

ஃபித்ரா எனும் பெருநாள் தருமத்தைப் பிறை இரவுக்கு ஒத்திவைக்காதீர்கள். பெருநாள் தொழுகைக்கு முன் ஏழையின் கைக்குப் போய்ச் சேர வேண்டியது அது. ரமலானிலேயே முன்கூட்டிக் கொடுக்கலாம். தலைக்கு எவ்வளவு என்பதை உங்கள் ஜமாஅத் அறிவிக்கும்.

8. நடுவில் நாடு மாறினால்

வளைகுடாக்காரர்களின் கணக்கு தனி. நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊரோடு நோன்பு, அந்த ஊரோடு பெருநாள். 2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 1-இல் துபாயில் நோன்பு தொடங்கி ஊருக்கு வந்தவர் 31-ஆம் தேதி பெருநாளுக்குள் 30 நோன்பு வைத்திருப்பார். இங்கே ரமலான் 29 மாலை, அதாவது மார்ச் 30 அன்று, பிறை தெரிந்திருக்காவிட்டால் அவருக்கு 31 ஆகியிருக்கும். அதையும் வைக்க வேண்டியதுதான். மாறாக, மார்ச் 2-இல் ஊரில் தொடங்கி ரியாதுக்குப் போனவருக்கு 30-ஆம் தேதியே பெருநாள். கையில் 28 நோன்பு. மாதம் 29-க்குக் குறையாது என்பதால் பெருநாளுக்குப் பின் ஒன்றைக் களாச் செய்ய (விட்டதற்கு ஈடாக வைக்க) வேண்டும்.

9. ஹஜ்ஜுப் பெருநாள்

இது எளிது. துல்ஹஜ் மாதத்தின் 10-ஆம் நாள்தான் பெருநாள் என்பதால் பிறை தெரிந்த பிறகு பத்து நாள் கையில் இருக்கிறது, டிக்கெட்டும் ஆடும் நிதானமாக வாங்கலாம். ஆனால் குர்பானி கொடுக்க நினைப்பவர்கள் பிறை 1 முதல் நகமும் முடியும் வெட்டாமல் இருப்பது வழக்கம் என்பதால், அதற்கு முந்தின மாதமான துல்கஃதாவின் 29 மாலைக்கு முன்பே முடிவெட்டுக் கடைக்குப் போய்விடுங்கள். அரஃபா நோன்பைச் சவூதியின் 9-ஆம் நாளில் வைப்பதா, ஊரின் 9-ஆம் நாளில் வைப்பதா என்பதை இமாமிடம் அதே வாரம் கேட்டுக்கொள்ளுங்கள். அறுப்பவரிடம் நாள் சொல்லும்போது பிறைக் கணக்கில் சொல்லாமல் கிழமையைச் சொல்லுங்கள். ‘பிறை 10’ என்றால் அவர் தன் ஜமாஅத்தின் 10-ஆம் நாள்தான் வருவார்.